கொட்டிலில் கட்டிய எருதும் அறுபது வயது விவசாயியும்

காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கங்களில் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு சாகுபடி செய்பவர்களின் வயதைக் கேட்டால் பெரும்பாலும் ஐம்பதுக்கு மேல்தான் சொல்வார்கள். பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். நவரையானாலும் சொர்ணவாரியானாலும், நாற்று விடுவதிலிருந்து மூட்டை பிடிப்பது வரை பொறுப்பு அப்பாவுக்கும் அம்மாவுக்கும்தான். அந்த அப்பா ஒரு நாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் போகம் தரிசாகக் கிடக்கும். அடுத்த போகம் குத்தகைக்குப் போகும். அதற்கடுத்த வருஷம் மனை போடுகிறவர் வந்து விலை கேட்பார். ஆகவே சிறு விவசாயியின் கைகால் பலம் அவருடைய சொந்த விஷயம் மட்டுமன்று, நிலத்தின் விஷயமும்கூட. விதை, உரம், பூச்சி நிர்வாகம் பற்றிப் பேசும் இந்தப் பக்கத்தில் தசை பலத்தைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

"உடற்பயிற்சியெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு. எங்களுக்கு நிலத்து வேலையே பயிற்சி" என்று விவசாயிகள் சொல்வது வழக்கம். ஒரு காலத்தில் அது சரியாகவே இருந்தது. ஏற்றம் மிதித்த காலம், கவலை ஓட்டிய காலம், நெற்கட்டைச் சும்மாடு வைத்துத் தலையில் தூக்கிக் களத்துக்கு நடந்த காலம் அது. இன்றைய நிலையை நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். தண்ணீர் பாய்ச்ச மோட்டார் சுவிட்சைத் தட்டினால் போதும். சேடை ஓட்ட டிராக்டர் வருகிறது. அறுவடை இயந்திரம் ஒரு ஏக்கரை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துக் கொடுக்கிறது. வயலுக்குப் போவதும் மோட்டார் சைக்கிளில்தான். இதை நான் குறை சொல்லவில்லை. ஆள் கிடைக்காத காலத்தில் இயந்திரம் இல்லாவிட்டால் விவசாயமே நடக்காது. ஆனால் வேலை குறைந்தது வயலில் மட்டுமல்ல, தொடைக்கும் தோளுக்கும்கூடத்தான் என்பதை நாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மிச்சமிருக்கும் வேலைகளில் அண்டை வெட்டுவது, உரமூட்டை சுமப்பது போன்றவை கடினமானவைதான். ஆனால் அவை ஆண்டில் சில நாட்களே வருகின்றன. இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் பத்து மூட்டை தூக்கினால் உடம்புக்குப் பலம் வராது, இடுப்புப் பிடிப்புதான் வரும்.

எருது வளர்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கோடை முழுவதும் கொட்டிலில் கட்டி வைத்த எருதை முதல் மழைக்கு மறுநாளே நாள் முழுக்க ஏர் கட்ட மாட்டார்கள். முதலில் வெறும் நுகத்தடி, பிறகு அரை வேளை உழவு, அப்புறம்தான் முழு வேலை என்று படிப்படியாகப் பழக்குவார்கள். பிண்ணாக்கும் பருத்திக் கொட்டையும் அப்போதுதான் கூடுதலாக வைப்பார்கள். உழைப்பும் தீனியும் சேர்ந்து வந்தால்தான் தசை ஊறும் என்ற அறிவு நம்மிடம் இருக்கத்தான் செய்கிறது. அதை எருதுக்குச் செய்தோமே தவிர நமக்குச் செய்துகொள்ளவில்லை.

தசை எப்படிக் குறைகிறது என்று சற்று பார்ப்போம். முப்பது, நாற்பது வயதுக்கு மேல் மனித உடலில் தசையின் அளவு பத்தாண்டுக்கு ஏறக்குறைய 3 முதல் 8 சதம் வரை குறைந்துகொண்டே போகிறது. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. அளவு குறைவதைக் காட்டிலும் பலம் குறைவது வேகமாக நடக்கிறது. காரணம், தசையில் இருவகை நார்கள் உள்ளன. மெதுவாக, நெடுநேரம் வேலை செய்யும் நார் ஒருவகை. சட்டென்று பலமாக இழுக்கும் நார் மற்றொரு வகை. முதுமையில் முதலில் சுருங்குவது இரண்டாவது வகைதான். வரப்பில் கால் இடறும்போது சட்டென்று அடுத்த காலை ஊன்றி நம்மைக் காப்பாற்றுவது அந்த நார். ஆகையால்தான் ஐந்து மைல் நடக்கக்கூடிய பெரியவர்கூட, தடுக்கினால் சமாளிக்க முடியாமல் விழுந்துவிடுகிறார். மேலும் நாம் சாப்பிடும் சோற்றிலிருந்து ரத்தத்தில் சேரும் சர்க்கரையை அதிகமாக வாங்கிக்கொள்வது தசையே. தசை மெலிந்த உடம்பில் நீரிழிவைக் கட்டுப்படுத்துவது கடினமாகிவிடுகிறது. இந்தத் தசை மெலிவுக்கு 1989-ல் அமெரிக்க மருத்துவ அறிஞர் இர்வின் ரோசன்பர்க் 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். அதற்கு முன்பு அதை 'வயசாகிவிட்டது' என்று சொல்லி விட்டுவிடுவார்கள். நம் கிராமங்களில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

படுக்கையில் கிடப்பது எவ்வளவு கெடுதல் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2007-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் நொடி இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அந்தப் பத்தே நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. முழங்காலை நீட்டும் பலம் 15 சதத்துக்கு மேல் குறைந்தது. காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்து எழுந்த நம் வீட்டுப் பெரியவர் ஏன் பழையபடி நடமாடுவதில்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது. "நீ எழுந்திருக்காதே, எல்லாம் நான் கொண்டு வந்து தருகிறேன்" என்று மருமகள் அன்போடு சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அன்பு காய்ச்சல் விட்ட மறுநாளோடு நிற்க வேண்டும். உட்காரவைத்துச் சோறு போடுவதுதான் மரியாதை என்ற எண்ணம் பெரியவர்களைச் சீக்கிரம் முடக்கிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். அறுபது வயது ஆனவரிடம் வரப்பைச் சுற்றி வரும் வேலையைப் பிடுங்குவதைவிட, எடையைக் குறைத்து அந்த வேலையை அவரிடமே விட்டு வைப்பது நல்லது.

இழந்த பலம் திரும்புமா? திரும்பும். 1990-ல் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி வயது தொண்ணூறு ஆன பத்துப் பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுடைய கால் பலம் சராசரியாக 174 சதம் கூடியது. அதாவது இரண்டரை மடங்குக்கு மேல் ஆயிற்று. இருவர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். ஆனால் பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் அந்தப் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் போய்விட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தண்ணீர் நிறுத்தினால் பயிர் வாடுவது போலத்தான். தொண்ணூறு வயதிலேயே இது முடிந்ததென்றால், ஐம்பத்தைந்தில் "இனிமேல் என்ன இருக்கிறது" என்று சொல்லுவதில் பொருளில்லை.

இன்னொரு பெரிய ஆய்வு 2015-ல் வெளியானது. இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில், 35 முதல் 70 வயது வரையுள்ள ஏறக்குறைய 1 லட்சத்து 40 ஆயிரம் பேரின் கைப்பிடி பலத்தை அளந்து, சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பிடி பலம் 5 கிலோ குறையக் குறைய, மரண அபாயம் 16 சதம் வீதம் கூடியிருந்தது. ரத்த அழுத்த அளவைவிடப் பிடி பலம் நல்ல முன்னறிவிப்பாக இருந்தது. பிடி பலம் குறைந்ததால்தான் இறந்தார்கள் என்று இதற்குப் பொருளல்ல. இலை வண்ண அட்டையை நெற்பயிரின் பக்கத்தில் வைத்துத் தழைச்சத்தைப் பார்க்கிறோம் அல்லவா? இலை வெளிறுவது ஓர் அறிகுறி, குறை வேரிலும் மண்ணிலும் இருக்கும். பிடி பலமும் அப்படியே, உடம்பு முழுவதற்கும் ஓர் அட்டை.

பிடி பலத்தை அளக்கும் கருவி எல்லோரிடமும் இருக்காது. ஆனால் கருவியில்லாமல் வீட்டிலேயே இரண்டு சோதனைகள் செய்து பார்க்கலாம். ஆசிய நாடுகளின் மருத்துவர் குழு 2019-ல் வெளியிட்ட அளவுகோல்கள் இவை. முதலாவது, முழங்கால் உயரமுள்ள நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, கையூன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் பலம் குறைந்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது, தையற்காரர் நாடாவால் கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றளவு பார்ப்பது. ஆண்களுக்கு 34 சென்டி மீட்டருக்கும், பெண்களுக்கு 33-க்கும் குறைவாக இருந்தால் கவனிக்க வேண்டும். நாடா அளவு முதல் சந்தேகத்துக்குத்தான்; ஒல்லியான உடல்வாகு உள்ளவர்கள் அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாற்காலிச் சோதனைதான் முக்கியம்.

இந்த ஊருக்கென்று ஒரு விசேஷம் உண்டு. பல குடும்பங்களில் பாதி விவசாயம், பாதி நெசவு. ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம் வீட்டுக்குள் தறி, வெளியே நிலம் என்று இருப்பவர்களைப் பார்க்கலாம். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதிப்பதால் கணுக்காலும் கெண்டைக்காலும் ஓரளவு வேலை செய்கின்றன. நாடா எறியும் கைக்கும் வேலை உண்டு. ஆனால் உடம்பிலேயே பெரிய தசைகளான தொடையும் பிட்டமும் நாள் முழுக்கச் சும்மா இருக்கின்றன. ஒரு பட்டுச் சேலை முடியப் பல நாட்கள் ஆகும். அத்தனை நாளும் அதே இருப்புதான். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களுக்கு முழங்கால், இடுப்பு வலி எவ்வளவு சகஜம் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மணிக்கு ஒரு தடவை குழியை விட்டு எழுந்து, தறிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பத்துத் தடவை பாதி உட்கார்ந்து எழுவது தறிவேலையைக் கெடுக்காது. இழை அறுந்தால் எழுந்துதானே பார்க்கிறோம்?

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நடவும் களையெடுப்பும் முழுக்க இடுப்பை வளைத்துச் செய்யும் வேலை. அது சோர்வைத் தரும் அளவுக்குத் தசையை வளர்ப்பதில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பும் வேகமாகத் தேய்கிறது. தசையும் மெலிந்து எலும்பும் தேய்ந்தால், விழுந்தவுடன் முறிவுதான். ஆனால் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவரும், குழம்பில் பருப்பு தீர்ந்த பிறகு ரசத்தோடு முடித்துக்கொள்பவரும் அவர்தான். பெண் பிள்ளை பெரியவளானால் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் போட்டு உளுந்தங்களி கிளறிக் கொடுத்த நாடு இது. அதே பெண் அறுபதை எட்டும்போது அவளுக்குக் கிடைப்பது நீராகாரமும் ஊறுகாயும்.

இனி தீனிக் கணக்கைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட அளவின்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்பது வல்லுநர்கள் பலரின் கருத்து. அதாவது 60 முதல் 72 கிராம். நாளைக்கு 400 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிட்டால் 30 கிராம் அளவில் அதிலேயே கிடைக்கும். ஆனால் அரிசிப் புரதத்தில் 'லைசின்' என்ற அமினோ அமிலம் குறைவு. பயறு வகைகளில் அது தாராளம். சோறும் பருப்பும் சேர்ந்தால்தான் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்யும். மிச்சம் எங்கிருந்து வருவது? 50 கிராம் பருப்பில் 12 கிராம், ஒரு பிடி வேர்க்கடலையில் 7 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலோ தயிரிலோ 6 கிராம். கூட்டிப் பார்த்தால் அறுபதைத் தாண்டுகிறது. முட்டை சாப்பிடாதவர்கள் இன்னொரு பிடி கடலையோ கொள்ளுச் சுண்டலோ சேர்த்துக்கொள்ளலாம். எலும்புக்குக் கேழ்வரகு நல்லது. 100 கிராமில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது.

ரேஷன் கடைத் துவரம்பருப்பு இருக்கிறதே என்று நினைக்கலாம். கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. நான்கு பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் பருப்பு, அதாவது 2 கிராமுக்கும் குறைவான புரதம். அதை மட்டும் நம்பினால் சாம்பார் மஞ்சளாக இருக்கும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் விவசாயிகளோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. உளுந்தும் வேர்க்கடலையும் பாலும் முட்டையும் விளைவிப்பவர் விவசாயி. ஆனால் உளுந்து மொத்தமும் மண்டிக்குப் போகிறது. பால் முழுவதும் சொசைட்டிக்குப் போய், வீட்டுக்கு வெறும் டீ மிஞ்சுகிறது. நாட்டுக்கோழி முட்டைக்கு நல்ல விலை என்று அதையும் விற்றுவிடுகிறார்கள். விற்ற பணத்தில் முழங்கால் வலி மாத்திரை வாங்குகிறார்கள். விதைநெல்லை எந்த விவசாயியும் விற்பதில்லை. எவ்வளவு பணமுடை வந்தாலும் அது தனியாகக் கோணியில் இருக்கும். அதுபோல வீட்டுப் பங்கு என்று ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் யோசனை. கணவன் மனைவி இருவருக்கும் ஆளுக்கு 50 கிராம் பருப்பு என்றால் வருஷத்துக்கு 36 கிலோ. வேர்க்கடலைப் பருப்பு 22 கிலோ. நெல் வயல் வரப்பில் உளுந்து ஊன்றுவது நன்மை செய்யும் பூச்சிகளுக்காக ஏற்கெனவே பரிந்துரைக்கப்படும் முறைதான். அந்த வரப்பு உளுந்தை மண்டிக்கு அனுப்பாமல் வீட்டுப் பங்காக வைத்துக்கொண்டாலே ஒரு பகுதி தேறும். வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் நம் வீட்டு இட்லியைக் காட்டிலும் உளுந்து தாராளமாக இருக்கிறதே, அந்தக் கைப்பக்குவத்தையும் சற்று வீட்டுக்குக் கொண்டு வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தீனி மட்டும் போட்டால் போதாது. உரம் போட்டுத் தண்ணீர் விடாத வயல் போல அது வீணாகும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சியும், 65 வயது கடந்தவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் உடம்பை நிதானப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். நடைப்பயிற்சி இருதயத்துக்கு நல்லது. ஆனால் நடப்பதால் மட்டும் தசை பலம் கூடாது. எடையைத் தூக்க வேண்டும், எடையைப் படிப்படியாகக் கூட்டவும் வேண்டும்.

தென் மாவட்டங்களில் இளவட்டக்கல் என்று ஊர்ப் பொதுவில் உருண்டைக்கல் ஒன்று கிடக்கும். அதைத் தூக்கித் தோளுக்கு மேல் போடும் இளைஞனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று வழக்கு. நியாயமாகப் பார்த்தால் அறுபது வயதுக்காரர்களுக்கு என்று முதுவட்டக்கல் ஒன்று போட்டிருக்க வேண்டும். அதற்கு ஊர்ப்பொதுக் கல் வேண்டியதில்லை, வீட்டிலுள்ள குடம் போதும். முதலில் கால் குடம் தண்ணீர். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார வேண்டும். சற்று இளைப்பாறி மறுபடியும் பத்து. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும், அதுதான் அளவு. சிரமமில்லாமல் போனால் அடுத்த வாரம் இன்னும் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். சுவரில் கையூன்றிச் சாய்ந்து தள்ளுவது தோளுக்கு. திண்ணைப்படியில் ஒரு காலை வைத்து ஏறி இறங்குவது தொடைக்கு. தூணைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது கெண்டைக்காலுக்கு. அப்படியே ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்பது நிதானத்துக்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கூடாது. எழும்போது மூச்சை விட வேண்டும். வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதுமானது. போகத்துக்குப் போகம் இடைவெளி விழும் நாட்களில்தான் இதை விடாமல் செய்ய வேண்டும்.

அத்திவரதர் 2019-ல் ஜூலை 1 முதல் 48 நாள் குளத்திலிருந்து வெளியே வந்து தரிசனம் தந்தபோது, அதற்கு முந்தைய 1979-ஆம் வருஷத்திலும் பார்த்தேன் என்று சொன்ன பெரியவர்கள் வரிசையில் இருந்தார்கள். 40 வயதில் பார்த்தவருக்கு அப்போது 80. சிலர் தாங்களே நடந்து வந்தார்கள். சிலரைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள். அடுத்த தரிசனம் 2059-ல். இன்று ஐம்பதில் இருப்பவர் அப்போது எண்பதைக் கடந்திருப்பார். வரதராஜப் பெருமாள் சந்நிதிக்குச் சாதாரண நாளில் போவதானாலும் அத்திகிரியின் 24 படிகளை ஏறித்தான் ஆக வேண்டும். கைப்பிடியைத் தொடாமல் அந்தப் படிகளை ஏற முடிகிறதா என்று அடுத்த தடவை போகும்போது பார்த்துக்கொள்ளலாம். நாற்காலிச் சோதனைக்கு அடுத்தபடியாக நான் சொல்லக்கூடிய சோதனை அது.

ரத்த அழுத்தம், இருதய நோய், குடலிறக்கம், முழங்கால் வீக்கம் உள்ளவர்கள் குடம் தூக்குவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டிக்கொள்ளவும். பக்கவாதத்தாலோ எலும்பு முறிவாலோ படுத்திருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார். கட்டணம் இல்லை. ஊரில் உள்ள கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைக் கொடுத்து வைத்தால் போதும்.